ஏற்காட்டுக் காற்றில் ஒரு கணினி

மாசி மாதத்துப் பிற்பகல். ஏற்காட்டை அடுத்த காபித் தோட்டம் ஒன்றில் நண்பரின் வீடு. கணக்கு எழுதும் பழைய கணினியைத் தூசு தட்டலாம் என்று பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்திருந்தோம். கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்த நண்பர் எழுந்து வந்து, ரேமைக் கழற்றக் கை நீட்டினார். விரல் படும் முன்பே 'டப்' என்றொரு சிறு சத்தம். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டவர், "பிளக்கைப் பிடுங்கலீங்களா?" என்றார். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

கணினி அன்று பழையபடி ஓடியது. நண்பர்தான் விடவில்லை. மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துபோகும் ஊர் இது. துணி காய மூன்று நாள் ஆகும். இங்கே நிலைமின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். சர்வீஸ் கடைகளில் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். மலையில் ஸ்டேட்டிக் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஈரம்தான் எமன் என்பது ஒன்று. காரணம் தெரியாமல் மதர்போர்டு போனால் ஸ்டேட்டிக் அடித்துவிட்டது என்று முடித்துவிடுவது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைப் பிரித்துப் பார்க்க, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் காற்றையும் கல்லையும் வீட்டுத் தரையையும் கணினிக்குள் சுழலும் ஃபேனையும் ஒன்றாக வைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

நிலைமின்சாரம் பிறக்க உரசல்கூடத் தேவையில்லை. இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒட்டியிருந்து பிரிந்தாலே போதும். ஒன்று கொஞ்சம் எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும், மற்றது வாங்கிக்கொள்ளும். உரசினால் ஒட்டும் இடங்கள் பெருகுகின்றன, அவ்வளவுதான். கம்பளியும் மனிதத் தோலும் தலைமுடியும் விட்டுக்கொடுக்கும் வகை. பாலியெஸ்டர், பிவிசி, பாலித்தீன், தெர்மாகோல் எல்லாம் வாங்கும் வகை. நண்பர் நாற்காலியை விட்டு எழுந்த கணத்தில் அவர் உடம்பு ஒரு பக்கமும் நாற்காலி மறுபக்கமும் மின்னூட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டன. காலில் ரப்பர் செருப்பு. வந்த மின்னூட்டம் தரைக்குப் போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிட்டது.

எவ்வளவு தங்கும் என்பதற்குப் பழைய அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக் கையேடு ஒன்றின் எண்களைத்தான் இன்றுவரை உலகம் முழுக்க எடுத்துச் சொல்கிறார்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 10 முதல் 20 விழுக்காடு இருக்கும்போது கம்பள விரிப்பில் நடப்பவர் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம். அதே விரிப்பில் 65 முதல் 90 விழுக்காடு ஈரத்தில் நடந்தால் 1,500 வோல்ட். வினைல் தரையில் இவை 12,000 வோல்ட்டும் 250 வோல்ட்டும். மேசை முன் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 6,000 வோல்ட்டும் 100 வோல்ட்டும். ஈரக் காற்றில் எல்லாப் பரப்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. அதன் வழியே மின்னூட்டம் மெல்ல வடிகிறது. வித்தியாசத்துக்குக் காரணம் அந்தப் படலம்தான்.

35,000 வோல்ட் அடித்தும் மனிதர் சாகாததற்குக் காரணம் அளவின் சிறுமை. உடம்பை 100 பைகோஃபாரட் கொள்ளளவு உள்ள மின்தேக்கியாகவும், தோலின் தடையை 1,500 ஓம் ஆகவும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவது பொறியாளர் வழக்கம். 3,000 வோல்ட் ஏறிய உடம்பில் இருக்கும் ஆற்றல் அரை மில்லிஜூலைக்கூடத் தொடாது. ஆனால் அது ஒரு நொடியின் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் 2 ஆம்பியர் உச்சத்தோடு பாய்ந்து தீர்ந்துவிடுகிறது. நம் விரலுக்கு ஒரு சுருக். சிப்புக்குள் இருக்கும் மயிரிழையினும் நுண்ணிய பாதைக்கு அது பெருவெள்ளம். கவனிக்க வேண்டிய இன்னொன்று, மனிதர் உணர்வதற்கே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே நடக்கும் எந்த மின்னிறக்கமும் நமக்குத் தெரியாது. தனியாகக் கழற்றி வைத்த சிப்பைக் கெடுக்கச் சில நூறு வோல்ட்டே போதும். 'டப்' என்று கேட்ட அன்றைக்கு நாங்கள் பயந்தோம். சத்தமில்லாமல் போன நாள்கள் எத்தனை என்று எங்களுக்குக் கணக்கே இல்லை.

சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் வாயில் (கேட்), சிலிக்கன் டை ஆக்சைடு என்ற கண்ணாடிப் படலத்தால் பிரிக்கப்பட்டது. நல்ல படலம் ஒரு நானோமீட்டர் தடிமனுக்குச் சுமார் 1 வோல்ட் தாங்கும். 1970களில் அந்தப் படலம் 100 நானோமீட்டர் அளவில் இருந்தது. இன்று சில நானோமீட்டருக்கு மெலிந்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு காலுக்கும் உள்ளேயே பாதுகாப்பு டையோடு வைத்துச் செய்கிறார்கள். போர்டில் பொருத்தியிருக்கும் சிப்புக்கு, போர்டின் செம்புத் தகடும் அதைச் சுற்றிய இரும்புப் பெட்டியும் கூடுதல் கவசம். மூடியிருக்கும் கணினியின் யுஎஸ்பி வாயில்களைச் சர்வதேசத் தரப்படி 8,000 வோல்ட் தொடு சோதனைக்கு உட்படுத்துவது வழக்கம். ஆகவே மூடிய கணினியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆபத்து, மூடியைக் கழற்றி உள்ளே கை விடும் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

இந்தப் பாதிப்பில் மிகவும் தொல்லையானது, அது உடனே தெரியாமல் போவது. படலம் முழுக்கத் துளைபடாமல் ஓரிடத்தில் நலிந்துவிட்டால் சிப் வேலை செய்துகொண்டே இருக்கும். மாதங்கள் கழித்து வெயில் ஏறும் நாளில் தடுமாறும். நண்பரின் கணினி அந்தச் சித்திரையில் அடிக்கடி உறைந்து நின்றது. மாசியில் கேட்ட 'டப்'தான் காரணம் என்று சொல்ல என்னால் முடியாது. இல்லை என்று சொல்லவும் முடியாது. சிப்பை உடைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தாலொழிய நிரூபணம் கிடையாது. தெரியாத நோய்க்கெல்லாம் ஸ்டேட்டிக் என்று பெயர் வைக்கும் பழக்கம் வளர்ந்தது இந்த இருட்டில்தான்.

இனி மலைக்கு வருவோம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர். அடிவாரத்துச் சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். ஏற ஏறக் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றின் ஒப்பு ஈரப்பதம் உயர்கிறது. பங்குனி வெயிலில் சேலத்துக் காற்று 35 டிகிரியும் 30 விழுக்காடும் இருந்தால், அதே காற்று மலைமேல் எட்டுப் பத்து டிகிரி குளிரும்போது 40 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஆக வெட்டவெளிக் காற்றை மட்டும் பார்த்தால், 'மலையில் ஸ்டேட்டிக் இல்லை' என்ற கடைக்காரர் சொல் சமவெளியோடு ஒப்பிடுகையில் சரி. தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் அது பெரும்பாலும் சரி.

தவறு வீட்டுக்குள் தொடங்குகிறது. தை மாத இரவில் வெளியே 12 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று ஹீட்டரோ கணப்போ எரியும் அறைக்குள் வந்து 26 டிகிரிக்குச் சூடானால் அதன் ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். நீராவி ஒரு சொட்டும் குறையவில்லை. சூடான காற்று தாங்கக்கூடிய அளவு பெருகியதால் விழுக்காடு விழுந்தது. தோட்டத்துப் பழைய பங்களாக்களில் மரத்தரை, கம்பளி விரிப்பு, கணப்பு மூன்றும் சேர்ந்திருக்கும். நிலைமின்சாரத்துக்கு இதைவிட வசதியான அறையைக் கட்டிவிட முடியாது. மலைக் கிராமத்துச் சாணம் மெழுகிய தரையிலோ சிவப்புக் காவி பூசிய சிமெண்டுத் தரையிலோ வெறுங்காலோடு நடப்பவருக்கு இந்தத் தொந்தரவு வருவதில்லை. சிமெண்டு தன்னுள்ளே கொஞ்சம் ஈரத்தை வைத்திருக்கிறது; மின்னூட்டம் சேரச் சேரக் கால் வழியே போய்விடுகிறது. புதிய விடுதிகளின் பளபளக்கும் டைல்ஸும் வினைல் விரிப்பும் அந்த வழியை அடைக்கின்றன. ஒரே தெருவில், ஒரே மாலையில், இரண்டு வீடுகளின் ஆபத்து ஒன்றாக இருக்காது.

காற்றால் குளிரும் கணினிக்கு இதில் தனிக் கவனம் தேவைப்படுவது ஏன்? சிப்பில் பிறக்கும் சூட்டை அலுமினியத் தகடுகளுக்குக் கடத்தி, அந்தத் தகடுகளின் இடுக்கில் ஃபேன் வழியாகக் காற்றைத் தள்ளி வெளியேற்றுவதே இதன் முறை. அந்த அலுமினியத்துக்கும் இந்த மலைக்கும் உறவு உண்டு. சேர்வராயன் மலையின் உச்சிச் சமவெளிகளில் பாறை சிதைந்து உண்டான பாக்சைட் படிவுகளை வெட்டியெடுத்து, மேட்டூரில் இருந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1960களிலிருந்து பல்லாண்டுகள் உலோகமாக்கியது. கணினியின் நடுவே அடுக்கடுக்காக நிற்கும் அந்தத் தகட்டைப் பார்க்கும்போதெல்லாம் மண்ணாக இருந்த இடத்தை நினைத்துக்கொள்வேன்.

மலைமேல் காற்று மெலிந்தது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று கடல் மட்டத்தில் சுமார் 1.2 கிலோ எடை. ஏற்காட்டு உயரத்தில் சுமார் 1 கிலோ. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் ஆறில் ஒரு பங்கு குறைவான காற்றுதான் சூட்டை ஏந்திச் செல்கிறது. தரவு மையங்களுக்கு வழிகாட்டும் ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம், 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 1 டிகிரி வீதம் அனுமதிக்கும் உச்ச வெப்பநிலையைக் குறைக்கச் சொல்கிறது. ஏற்காட்டுக்கு இது 2 டிகிரி. மலைக் குளிர் அதை ஈடுகட்டிவிடும். மெலிந்த காற்றுக்கு இன்னொரு விளைவும் உண்டு: பொறி சற்று எளிதாகத் தாவும். கடல் மட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் தாவ ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை; இங்கே 2,500 போதும். சொல்லிவைக்கிறேனே தவிர, நடைமுறையில் இது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

ஃபேன் வீசும் காற்றே நிலைமின்சாரத்தை உண்டாக்குகிறது என்று பலர் நம்புகிறார்கள். சுத்தமான காற்று எந்தப் பரப்பின் மேல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் குறிப்பிடத்தக்க மின்னூட்டம் உண்டாவதில்லை. காற்றோடு வரும் தூசுதான் மோதி, ஒட்டி, பிரிந்து மின்னூட்டத்தைத் தூக்கிச் செல்கிறது. சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று மணிக்கு எண்பது கன மீட்டர் அளவில் காற்றை இழுக்கும். எட்டு மணி நேர வேலை நாளில் ஒரு சிறு வீட்டின் காற்று முழுவதும் பலமுறை அந்தப் பெட்டிக்குள் போய்வருகிறது. காபிக் காயின் தோல் தூள், சில்வர் ஓக் மரத்தின் மகரந்தம், விறகடுப்புச் சாம்பல், கம்பளி இழை, மலைச் சாலையின் செம்மண் எல்லாம் அதில் உண்டு. அடிவாரத்தில் வாழ்பவர்களுக்கு மேக்னசைட் சுரங்கத்து வெள்ளைத் தூளும் சேரும். ஃபேன் இறக்கையின் முனையில் தூசு பட்டையாக ஒட்டிக்கொள்வதில் நிலைமின்சாரத்துக்கும் பங்கு உண்டு. ஓடும் கணினியை இது உடனே கெடுப்பதில்லை. கெடுக்கும் வேலை நாம் அதைச் சுத்தம் செய்யக் கிளம்பும்போதுதான் தொடங்குகிறது.

வீட்டு வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் குழாயைப் போர்டுக்கு அருகில் கொண்டுபோவது, நான் பார்த்தவற்றிலேயே மோசமான பழக்கம். குழாய்க்குள் விரையும் தூசு அதன் மூக்கில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஏற்றிவிடும். நைலான் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் அதே கதை. சர்வீஸ் கடைகளில் பயன்படும் ப்ளோயர் பரவாயில்லை. ஆனால் அடிக்கிற காற்றில் ஃபேன் தறிகெட்டுச் சுற்றினால் அது டைனமோவாக மாறி, தான் வாங்க வேண்டிய கம்பியிலேயே மின்னழுத்தத்தைத் திருப்பி அனுப்பும். தாங்கியும் தேய்ந்துபோகும். ஒரு விரலாலோ மூங்கில் குச்சியாலோ இறக்கையைப் பிடித்துக்கொண்டு அடித்தால் போதும். பாகங்களைத் தெர்மாகோல் மீதும் குமிழ்ப் பிளாஸ்டிக் மீதும் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். பழைய செய்தித்தாள் அவற்றைவிட எவ்வளவோ மேல். காகிதம் அதிகம் மின்னூட்டம் ஏற்காது, தன்னிடம் கொஞ்சம் ஈரமும் வைத்திருக்கும். போர்டுடன் வரும் வெள்ளி நிறப் பையே எல்லாவற்றிலும் சிறந்தது. இளஞ்சிவப்புப் பை தானாக மின்னூட்டம் உண்டாக்காதே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது.

உலகம் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. தரவு மையங்களில் ஈரப்பதம் 40-க்கும் 55 விழுக்காட்டுக்கும் இடையே இருக்க வேண்டும் என்று ஆஷ்ரே 2004-இல் எழுதியது. காய்ந்தால் ஸ்டேட்டிக், நனைந்தால் துரு என்ற அச்சம்தான் அந்த எல்லைகளுக்குப் பின்னால் இருந்தது. அந்த எண்ணைக் காக்கவே தண்ணீரையும் மின்சாரத்தையும் கொட்டினார்கள். 2007 இறுதியில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஏற்காட்டை ஒத்த உயரமுள்ள பாலைவன நிலத்தில், 900 சர்வர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு வழக்கமான குளிர்சாதனமும் மறுபாதிக்கு வெளிக்காற்றும் கொடுத்துப் பத்து மாதம் ஓட்டியது. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தவே இல்லை. அது 4 விழுக்காட்டிலிருந்து 90-க்கு மேல் வரை ஏறி இறங்கியது. சர்வர்கள் மீது தூசு பூசினாற்போல் படிந்தது. முடிவில் வெளிக்காற்றுப் பகுதியில் பழுதானவை 4.46 விழுக்காடு, அந்நிறுவனத்தின் முதன்மை மையத்தில் அதே காலத்தில் 3.83 விழுக்காடு. எதிர்பார்த்த பேரழிவு நடக்கவில்லை.

அடுத்து மிசௌரி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆஷ்ரேவுக்காகச் செய்து 2014-இல் முடித்த ஆய்வு. ஈரப்பதத்தை 25 விழுக்காட்டிலிருந்து 8-க்கு இறக்கி, மனிதர்களை நடக்கவிட்டு, நாற்காலியிலிருந்து எழவிட்டு, வயர்களைத் தரையில் இழுக்கவிட்டு அளந்தார்கள். மின்னூட்டத்தை வடியவிடும் தரையும் காலணியும் இருந்தால், காற்று இவ்வளவு காய்ந்தும் ஆபத்து பெரிதாகக் கூடவில்லை. மின்கடத்தாத் தரையும் சாதாரணச் செருப்பும் சேர்ந்த இடத்தில்தான் வோல்ட் எகிறியது. அடுத்த ஆண்டே ஆஷ்ரே தன் கீழ் எல்லையைப் பெருமளவு தளர்த்தியது. என் பார்வையில் இந்தத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் கிடைத்த மிக முக்கியமான பாடம் இதுதான்: காற்றின் ஈரத்தைவிடக் காலடியில் இருக்கும் வழி பெரிது.

ஈரத்தின் பக்கமும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் பிரைன்வில்லில் வெளிக்காற்றால் குளிரும் ஃபேஸ்புக் தரவு மையத்தில், 2011 கோடையில் கட்டுப்பாட்டுப் பிழையால் ஈரக்காற்று சுழன்று சுழன்று உள்ளே மேகம்போல் திரண்டது. சர்வர்களின் பவர் சப்ளைகளில் நீர் கோத்துப் பல அணைந்துபோயின. ஏற்காட்டுக்காரர்களுக்கு இது நெருக்கமான படிப்பினை. ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள் காற்று பத்துப் பதினைந்து டிகிரி சூடாவதால் உள்ளே எப்போதும் வறண்டே இருக்கும். மூடுபனி நாளிலும் நீர் கோக்காது. அணைத்து மாதக்கணக்கில் பூட்டிவைத்த விடுதி அறைக் கணினிக்கு அந்தக் காப்பு கிடையாது. மாசியில் மின்னூட்டத்தோடு வந்து ஒட்டிய தூசு, ஆடியில் ஈரத்தை உறிஞ்சி மின்கசியும் பாதையாகிறது. உரத் தூளில் உள்ள அம்மோனியம் சல்பேட் போன்ற உப்புகள் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொட்டால் காற்றிலிருந்தே நீரெடுத்துக் கரையும். வறட்சியையும் ஈரத்தையும் எதிரெதிர் ஆபத்துகளாகப் பேசும் கடைக்காரர்கள் இருவருக்கும் நான் காட்ட விரும்புவது இந்தத் தூசைத்தான். மழைக்காலத்தில் பழுதுபார்க்கச் சேலத்துக்கு இறக்கும் கணினியையும் வந்தவுடன் போடக் கூடாது. மலைக் குளிரில் இருந்த உலோகத்தின் மேல் கீழ்க்காற்றின் ஈரம் வியர்க்கும். மூடிய பையிலேயே சில மணி நேரம் வைத்திருந்து பிறகு போடலாம்.

இப்போது நண்பரின் வீட்டுக்குத் திரும்புகிறேன். சித்திரையில் கணினி உறைந்து உறைந்து நின்றபோது மறுபடி போனேன். இரும்புப் பெட்டியின் பின்புறத்தைப் புறங்கையால் தடவியபோது 'கிர்ர்' என்று மெல்லிய அதிர்வு. இது அன்று கேட்ட 'டப்' இல்லை. நிலைமின்சாரம் ஒரே அடியில் தீர்ந்துவிடும். இரண்டாம் முறை தொட்டால் இருக்காது. இது தொடத் தொட இருந்துகொண்டே இருந்தது. எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரண்டு சிறு மின்தேக்கிகளைப் பெட்டியின் உடம்போடு இணைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டுக்கும் பூச்சியத்துக்கும் நடுவே, 115 வோல்ட் அளவில் மிதக்கும். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தோம். மூன்று துளையும் இருந்தன. எர்த்துக்கான மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை.

நம் ஊர்களில் ஸ்டேட்டிக் என்று பழி சுமத்தப்படும் சாவுகளில் பல, இந்த மிதக்கும் பெட்டியால் வந்தவை என்பது என் உறுதியான எண்ணம். எர்த் இல்லாத கணினியையும் எர்த் உள்ள டிவியையும் ஒரே கேபிளால் இணைக்கும் கணத்தில் அந்த 115 வோல்ட் சிக்னல் ஊசி வழியே இறங்கப் பார்க்கும். யுஎஸ்பி வாயிலும் எச்டிஎம்ஐ வாயிலும் கருகுவது அப்போதுதான். மூன்று முனைப் பிளக்கின் தடித்த முனையை வெட்டிவிட்டு இரண்டு முனைச் சாக்கெட்டில் செருகும் பழக்கத்தை மலையில் மட்டும் என்ன, எங்கும் காணலாம்.

மலையில் இது இன்னும் சிக்கலாவதற்குக் காரணம் கல். சேர்வராயன் மலையின் உடம்பு சார்னக்கைட் என்ற கெட்டிப் பாறை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை வைத்துப் பெயர் பெற்ற பாறை அது. களிமண்ணின் மின்தடைத் திறன் சில பத்து ஓம்-மீட்டர் என்றால் ஈரமில்லாத கெட்டிப் பாறைக்கு ஆயிரக்கணக்கில் போகும். இரண்டடி தோண்டினால் பாறை தட்டும் இடத்தில் கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்தாலும், மாசி பங்குனியில் குழி காய்ந்தவுடன் தடை ஏறிவிடும். எந்த மாதங்களில் உடம்பில் மின்னூட்டம் சேர்கிறதோ அதே மாதங்களில் தரையும் கைவிடுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். நிலைமின்சாரத்தை வடிக்க நல்ல எர்த்கூடத் தேவையில்லை. வேலை செய்பவர் மணிக்கட்டில் கட்டும் பட்டைக்குள் வேண்டுமென்றே 10 லட்சம் ஓம் தடை வைத்திருக்கிறார்கள். அத்தனை தடை வழியாகவும் மின்னூட்டம் நொடியில் வடிந்துவிடும். பாறைமேல் எடுத்த மோசமான எர்த் அதற்குத் தாராளம். கையும் பெட்டியும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் பொறி தாவ இடமே இல்லை. மின்கசிவுக்கும் இடிக்கும் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு ஓமும் கணக்கு. இடியின் அளவுக்கு நீலகிரியே சாட்சி: ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் 2014 டிசம்பர் 1 அன்று கடந்துபோன இடிமேகம் ஒன்றில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாக அளந்து 2019-இல் வெளியிட்டது. அதற்கு முன்னால் ஸ்பைக் பஸ்டரோ மணிக்கட்டுப் பட்டையோ ஒன்றும் செய்யாது. இடி கேட்டதும் பிளக்கையும் இணையக் கம்பியையும் பிடுங்குவதுதான் வழி.

இந்த அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிது ஒன்றும் இல்லை. நூற்பாலைகளில் காற்று காய்ந்தால் இழைகள் ஒன்றையொன்று விலக்கிச் சிலிர்க்கும், உருளையில் சுற்றிக்கொள்ளும், நூல் அறும். அதற்காகவே கோவையிலும் சேலத்திலும் ஆலைக்குள் ஈரக்காற்று ஊதும் பொறிகளை வைத்திருக்கிறார்கள். சிவகாசியில் இது உயிர்ப் பிரச்சினை. மருந்து அறைக்குள் போகிறவர் பருத்தி உடுத்த வேண்டும், தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைய வேண்டும் என்பது அங்கே எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் தெரிந்த ஒழுங்கு. ஸ்ரீபெரும்புதூர் மின்னணுத் தொழிற்சாலைகளில் குதிகால் பட்டையும் மணிக்கட்டுப் பட்டையும் சோதித்த பிறகுதான் கதவு திறக்கும். இத்தனையும் தெரிந்த மாநிலத்தில், பள்ளிக்கூடக் கணினி அறையில் ரேம் மாற்றும் இளைஞனுக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

அவனுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஸ்வெட்டரைக் கழற்றிவிடு. செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் நில். நாற்காலியிலிருந்து எழுந்தவுடன் எதையும் தொடுவதற்கு முன் பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொடு. வேலை முடியும்வரை ஒரு கை அதிலேயே இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் இது போதும், ஏனென்றால் உனக்கும் போர்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் இருப்பதுதான் முக்கியம். ரேமை ஓரத்தில் பிடி, தங்கநிறக் கால்களைத் தொடாதே. வெறும் கம்பியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு எர்த்தோடு கட்டிக்கொள்ளாதே. தப்பான வயரிங் உள்ள கட்டடத்தில் அது உயிரை வாங்கும், பட்டைக்குள் இருக்கும் 10 லட்சம் ஓம் அதற்காகத்தான். தூசு தட்டுவதை ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் வைகாசியில், பருவமழைக்கு முன்னால் செய். மாசியின் காய்ந்த பிற்பகலில் வேண்டாம்.

நண்பர் வீட்டில் எலக்ட்ரீஷியனை வரவழைத்துச் சாக்கெட்டுக்குப் பச்சைக் கம்பி இழுத்தோம். பாறை இல்லாத இடமாகப் பார்த்து, கிணற்றடிக்குப் பக்கத்தில் குழி எடுத்தார். அவர் சொன்ன ஒன்றை மலைமேல் கணினி வைத்திருக்கும் பள்ளிகளுக்கும் வங்கிகளுக்கும் விடுதிகளுக்கும் அப்படியே தெரிவிக்கிறேன். எர்த் மதிப்பை ஐப்பசி மழையில் அளந்தால் எந்தக் குழியும் நல்ல குழியாகத்தான் தெரியும். பங்குனிக் கடைசியில் அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எண் ஏறியிருந்தால் அன்றைக்கே குழிக்கு நான்கு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.